ஓரிடத்து உயிர்

கன்னியாகுமரி மாவட்டத் தேரூர்க் குளத்தை ஒட்டிய வயலில் நத்தைக்குத்தி நாரை தேடித் தின்னும் நத்தை ஊர் ஊராய்ப் போகத் தெரிந்த உயிர். குளம் வற்றினால் ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். தண்ணீர் வந்ததும் விழித்துக்கொள்ளும். நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பழையாறும் கால்வாய்களும் கோத்து வைத்திருப்பதால், நீரோடு அடுத்த குளத்துக்கும் போய்ச் சேரும்.

மலை நத்தைக்கு அந்த வழி இல்லை. சருகின் ஈரத்தை விட்டு வெயிலுக்கு வந்தால் காய்ந்து சாகும். வறண்ட கணவாயைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக அதனால் ஆகாது. வெயில் சூழ்ந்த ஈரக் காடு அதற்குத் தீவுதான். இப்படிப் பிரிந்துபோன கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக வேறுபட்டுத் தனித்தனி இனங்களாகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலநத்தைகளில் பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது. இலங்கையில் பத்துக்கு எட்டு இனங்கள் அத்தீவுக்கே உரியவை. ஏரிக்குள்ளும் இது நடக்கும். இந்தோனேசியாவின் சுலாவெசி ஏரிகளில் பாறையில் மேயும் நத்தைக்கும் சேற்றில் மேயும் நத்தைக்கும் நாக்கிலுள்ள பற்களே வேறு.

இத்தனை காலம் எடுத்து உருவானது எவ்வளவு விரைவில் போய்விடும்? பசிபிக்கிலுள்ள மூரியா தீவில் பயிரை மேய்ந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க, 1977-இல் நத்தை தின்னும் இன்னொரு நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அத்தீவுக்கே உரிய பார்ட்டுலா நத்தைகளைத் தின்றது. பத்தே ஆண்டுகளில் அவை காட்டிலிருந்து அநேகமாக மறைந்தன. அந்த ராட்சத நத்தை 1847-இல் கல்கத்தாவில் இறக்கப்பட்டது. இன்று நம் பக்கத்துக் கேரளத்தில் தோட்டங்களை மேய்ந்துகொண்டிருக்கிறது.

எங்கும் பிழைக்கும் உயிர் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் மட்டும் வாழ்வது அங்கே அழிந்தால் உலகத்திலேயே அழிந்ததுதான்.

சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. பெருமைதான், கடமையும் கூட. மீன்தொட்டி நத்தையைக் குளத்தில் கொட்டாதீர்கள். வெளியூர் நாற்றை நடுமுன் வேர்மண்ணை உதறி, நத்தை ஒட்டி வந்திருக்கிறதா என்று பாருங்கள். மலையடிவாரத் தோட்டத்தில் சருகைக் கொளுத்தாமல் மக்க விடுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், கொஞ்சம் கவனம் போதும்.