பிராயமும் பிரதிநிதித்துவமும்

2009-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள காமன்ஸ் சபையின் பச்சை ஆசனங்களில், தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினரைத் தவிர வேறெவரும் அமரலாகாது என்று நெடுங்காலம் பேணப்பட்டுவந்த மரபு முதன்முறையாகத் தளர்த்தப்பட்டு, பதினெட்டு வயதைத் தாண்டாத இளையோர் அமர்ந்து, சபாநாயகர் ஜான் பெர்கோவின் தலைமையில் விவாதம் நடத்தினார்கள். தத்தம் ஊர்களில் வேட்பாளராக நின்று, பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் தம்மையொத்த பிராயத்தினரிடம் ஆதரவு கேட்டு, அவர்களுடைய வாக்குகளால் தெரிந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள் அவர்கள். 1999-இல் தோற்றுவிக்கப்பட்ட பிரிட்டிஷ் இளைஞர் பாராளுமன்றம், பதினொன்று முதல் பதினெட்டு வயது வரையிலுள்ளோர் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் சபையாக, அதற்குள் பத்தாண்டு வளர்ந்திருந்தது. ஆயினும் ஒரு நாளைக்கு மட்டும் அந்த ஆசனங்களை அவர்களுக்கு அளிக்கலாமா என்ற கேள்வி அவ்வாண்டு மார்ச் மாதத்தில் எழுந்தபோது, அங்கத்தினர் சிலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பைக் கடந்தே அனுமதி கிடைத்தது.

அந்த எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அதன் அடியில் பழமையானதொரு தத்துவ வினா கிடக்கிறது. தன் காரியத்தைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் பக்குவம் இன்னும் வரவில்லை என்று சட்டம் யாரைக் கருதுகிறதோ, வீடு விற்கவும் ஒப்பந்தம் செய்யவும் பொதுத்தேர்தலில் வாக்களிக்கவும் யாருக்கு உரிமை மறுக்கப்பட்டிருக்கிறதோ, அவர் தம்மினும் பலர்க்காக எழுந்து நின்று பேசும் தகுதியை எங்கிருந்து பெறுகிறார்? தகுதி என்பது ஆண்டுகள் கூடக்கூடத் தானே வந்து சேர்வதா, அல்லது வேறு ஏதேனும் ஒன்றில் அது வேர்கொண்டிருக்கிறதா?

இவ்வினாவுக்கு மிகத் தெளிவாகவும், என் கருத்தில் மிகத் தவறாகவும் விடை கூறியவர் ஜேம்ஸ் மில். 1820-இல் அவர் எழுதிய அரசாங்கத்தைப் பற்றிய கட்டுரையில், எவருடைய நலன் மற்றொருவருடைய நலனுக்குள் முற்றிலும் அடங்கியிருக்கிறதோ அவரைப் பிரதிநிதித்துவக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதால் தீங்கொன்றும் இல்லை என்று ஒரு நியதியை வகுத்துக்கொண்டு, அதன்படி குழந்தைகளின் நலன் பெற்றோரின் நலனுக்குள் அடங்கியதென்றும், பெண்களின் நலன் ஏறக்குறைய முழுவதும் தந்தையர் அல்லது கணவர்களின் நலனுக்குள் அடங்கியதென்றும், ஆகவே இவ்விரு திறத்தாரையும் ஒதுக்கிவிடலாம் என்றும் அவர் முடிவு செய்தார். ஐந்தாண்டுகளுக்குள் வில்லியம் தாம்ஸன், அன்னா வீலர் என்னும் அம்மையாரின் சிந்தனைகளைத் துணைக்கொண்டு, பெண்களைப் பற்றிய பகுதியைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். 1918-இலும் 1928-இலும் பெண்களுக்கு வாக்குரிமை அளித்துப் பிரிட்டன் இயற்றிய சட்டங்கள் அந்தக் கண்டனத்தின் பக்கமே நியாயம் இருந்ததென்பதை ஒப்புக்கொண்டன. ஒரே நியதியின்கீழ்ச் சேர்த்துச் சொல்லப்பட்ட இரண்டில் ஒன்று இவ்வாறு வீழ்ந்தபின்னும் மற்றொன்று ஆட்சேபணையின்றி நின்றுகொண்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்குப் பகுத்தறிவு குறைவென்று கூறியது பொய். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அனுபவம் குறைவென்று கூறுவது உண்மை. ஆனால் ஜேம்ஸ் மில் ஆதாரமாகக் கொண்டது அனுபவக் குறைவையன்று, நலன் அடங்கியிருக்கிறது என்னும் கூற்றை. அந்தக் கூற்று இரு திறத்தார் விஷயத்திலும் ஒருங்கே பிழையானது. தாயும் தந்தையும் தம் குழந்தையின் நன்மையையே நாடுகிறார்கள் என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. எனினும் ஒருவருடைய நன்மையை நாடுவதும், அவர் காண்பதைத் தாமும் காண்பதும் வெவ்வேறு காரியங்கள். அன்பு எவ்வளவு ஆழமாயினும் அது பிறருடைய கண்களாகிவிடுவதில்லை.

இதற்கு மறுமொழியாக, நாங்களும் ஒரு காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்களே, அந்தப் பருவத்தை எங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை என்று மூத்தோர் கூறுவதுண்டு. இளமை என்னும் வகுப்பு மற்ற எல்லா வகுப்புகளையும்விட விசித்திரமானது: அதில் அங்கத்தினராக இருந்திராதவர் உலகில் ஒருவருமில்லை, அதில் நிலைத்திருக்கக்கூடியவரும் ஒருவருமில்லை. இதனால்தான் அதைப் பற்றி எல்லோரும் அறிந்தவர்போல் பேசுகிறார்கள். ஆனால் ஐம்பது வயதினர் ஒருவர் நினைவிலிருந்து எடுத்துரைப்பது, அவருடைய இளமையில் இருந்த ஊரையும், அன்றைய பள்ளியையும், அன்றைய அச்சங்களையும்தான். அந்த நினைவும் பின்னர் பெற்ற வெற்றிகளாலும் சமாதானங்களாலும் நிறம் மாறியிருக்கிறது. இன்று காலை எட்டு மணிக்குக் கிராமத்துச் சாலையோரத்தில் பஸ்ஸுக்காக நின்று, பெரியவர்களுக்குரிய முழுக் கட்டணத்தைக் கொடுத்துப் பயணம் செய்து, மாலையில் கடைசி வண்டி போய்விடும் என்பதற்காக நூலகத்தையும் விளையாட்டையும் துறந்து திரும்பும் பெண்ணின் நிலை, சொந்தக் காரில் அலுவலகம் செல்லும் கவுன்சில் அங்கத்தினருக்கு எப்படித் தெரியும்? அவர் கெட்டவரல்லர், அந்தச் சாலையோரத்தில் அவர் நிற்பதில்லை, அவ்வளவுதான். பஸ் கட்டணம் என்னும் இந்த எளிய விஷயம் பிரிட்டனின் இளம் பிரதிநிதிகளுடைய விவாதங்களில் திரும்பத் திரும்ப வந்ததை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வேல்ஸ் தேசத்தில் 2018-இல் தெரிவு செய்யப்பட்ட முதல் இளைஞர் பாராளுமன்றத்தின் 60 அங்கத்தினர், தாங்கள் ஆராய வேண்டியவை எனத் தேர்ந்துகொண்ட மூன்று பொருள்களும் இவ்வாறே இருந்தன: மனநலத்துக்கு உதவி, குப்பையும் பிளாஸ்டிக் கழிவும், வாழ்க்கைக்கு வேண்டிய திறன்களைப் பள்ளியில் கற்பித்தல். இவற்றில் இளமையின் ஆரவாரம் எங்கே இருக்கிறது? அருகிலிருந்து பார்ப்பவர்களின் சொல்லாகவே இவை எனக்குப் படுகின்றன.

ஆகவே இளம் பிரதிநிதியைச் சாட்சியின் ஸ்தானத்தில் வைத்துப் பார்ப்பதே பொருந்தும் என்பது என் துணிபு. எட்மண்ட் பர்க் 1774-இல் பிரிஸ்டல் நகர வாக்காளரிடம் பேசியபோது, பிரதிநிதி தம்மை அனுப்பியவர்களின் விருப்பத்துக்கு வெறும் ஊதுகுழலாய் இராமல் தம் முதிர்ந்த விவேகத்தையே அவர்களுக்குக் காணிக்கையாக்க வேண்டும் என்று வாதித்தார். சட்டம் இயற்றுவோர்க்கும் வரி விதிப்போர்க்கும் அது தக்க இலக்கணமே. நம்முடைய உத்திரமேரூர்ச் சபையாரும் பராந்தக சோழன் காலத்தில் அதே நோக்கத்தோடுதான், வாரியங்களுக்குத் தெரிவு செய்யப்படுவோர் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட பிராயத்தினராய் இருத்தல் வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய பெயரெழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பதற்கு, எதையும் அறியாத ஒரு பாலனையே அழைத்தார்கள். பாலனிடத்தில் அவர்கள் மதித்தது பட்சபாதமின்மையை மட்டுமே. அவனுக்குச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கலாம் என்பது அந்த ஏற்பாட்டில் இடம்பெறவில்லை. சாட்சிக்கோ பர்க் கேட்கும் விவேகமும் தேவையில்லை, அறியாமையும் தேவையில்லை. கண்டதை உள்ளவாறு சொல்லும் சத்தியமும், சொல்லும் தைரியமுமே தேவை. இவ்விரண்டும் பதினைந்து வயதில் குறைந்திருக்கின்றன என்று எந்தச் சாஸ்திரமும் கூறியதாகத் தெரியவில்லை.

கடோபநிஷத்து இதற்கு நேர்மாறாகவே கூறுகிறது. வாஜசிரவசர் தம் உடைமை அனைத்தையும் தானம் செய்வதாகச் சங்கற்பித்து வேள்வி நடத்துகிறார். தானத்துக்கென்று ஓட்டிவரப்படும் பசுக்களோ மடி வற்றி, இனி ஈனும் வலிமையும் அற்றவை. கூடியிருந்த பெரியோர் அனைவரும் அதைக் கண்டிருக்கத்தான் வேண்டும், வாய்திறந்தவர் ஒருவருமில்லை. சிறுவனாகிய நசிகேதஸின் உள்ளத்தில் மட்டும் சிரத்தை புகுந்தது என்று அந்த உபநிஷத்து சொல்கிறது. என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று அவன் மும்முறை கேட்டதும், சினத்தில் தந்தை அவனை யமனுக்கென்று கொடுத்ததும், யமன் வாயிலில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்து அவன் மூன்று வரம் பெற்றதும் பலரும் அறிந்தவை. என் மனத்தில் அடிக்கடி நிற்பது அவன் கேட்ட முதல் வரம்: தன் தந்தையின் சினம் தணிந்து அவர் உள்ளம் அமைதியுற வேண்டும் என்பது. மூத்தோரின் குறையைச் சுட்டிய சிறுவனுக்கு மூத்தோரிடம் பகையில்லை. ஆத்ம வித்தையைக் கேட்டபோது யமன் அவனைப் பல போகங்களைக் காட்டித் திசைதிருப்ப முயன்றான், அவனுடைய உறுதியைச் சோதித்தான். வயது போதாது என்று மட்டும் அவனைத் திருப்பியனுப்பவில்லை.

இந்தக் கதையை இளையோர் சபைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் அச்சம் உண்டாகிறது. அந்தச் சபைகளுக்குச் சட்டம் செய்யும் வலிமை இல்லை. நிதி ஒதுக்கும் உரிமை இல்லை. அவற்றின் தீர்மானத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் எந்த அரசாங்கத்துக்கும் இல்லை. அப்படியானால் நாமும் பால் வற்றிய பசுவைத் தானம் செய்துவிட்டு, வேள்வி முடிந்ததென்று திருப்தியடைகிறோமா? சிறுவர்களை மேடையில் அமர்த்தி, படம் பிடித்து, கரகோஷம் செய்து அனுப்பிவிடுவது அவர்களை அழைக்காதிருப்பதைவிடப் பெரிய தீங்கு. ஏனெனில் அழைக்கப்படாதவனுக்குப் பேச்சின்மேல் நம்பிக்கையாவது எஞ்சியிருக்கிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் ஷரத்து, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் அபிப்பிராயத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற கனம் அளிக்க வேண்டும் என்று விதிக்கிறது. கனம் அளித்தல் என்பது கேட்பவர் செய்ய வேண்டிய கர்மம்; பேசுபவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அதைத் தாமே நிறைவேற்றிக்கொள்ள முடியாது.

வேட்பாளராய் நின்றவர்களின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தேர்தலில் நிற்கும் பதினான்கு வயதுப் பெண், தன் சிநேகிதிகளின் வட்டத்தைத் தாண்டி, தனக்கு அறிமுகமில்லாத வகுப்புகளின் முன் நின்று பேசும்போது, தான் பெரிதென எண்ணியிருந்தது பிறர்க்குப் பெரிதல்ல என்பதைக் கற்கிறாள்; தோற்றுவிட்டால் அதை எல்லோர் கண்முன்னும் தாங்கவும் கற்கிறாள். பொறுப்பை ஏற்கப் பக்குவம் வரட்டும் என்று காத்திருப்போர், பக்குவம் பெரும்பாலும் பொறுப்பின் வழியாகவே வருகிறது என்பதை எண்ணுவதில்லை. நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் எவரும் இல்லை. 2014-இல் இளைஞர் பாராளுமன்றம் எந்தப் பொருள்களை விவாதிக்க வேண்டும் என்று தெரிவிக்க பிரிட்டன் முழுவதும் எட்டு லட்சத்துக்கும் அதிகமான இளையோர் வாக்களித்தார்கள். இத்தனை பேரின் விருப்பத்தைச் சுமந்து நிற்பவனுக்கு, தன் சொந்த விருப்பம் அவற்றில் ஒன்று மட்டுமே என்ற அடக்கம் வராமலிராது.

அவர்கள் பெறும் பதவியின் காலமோ மிகக் குறுகியது. ஓராண்டோ இரண்டாண்டோ கழிந்ததும் பதவி போகிறது. அதற்குச் சற்றுப் பின்னே அவர்களுடைய பருவமே போய்விடுகிறது. பதினாறு வயதில் வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கை 2009-இல் அந்தப் பச்சை ஆசனங்களிலிருந்தே விவாதிக்கப்பட்டது. ஆஸ்திரியா 2007-இலேயே அவ்வுரிமையை அளித்திருந்தது; ஸ்காட்லாந்தில் பதினாறு வயதினர் 2014-ஆம் ஆண்டு சுதந்திர வாக்கெடுப்பில் வாக்களித்தார்கள்; வேல்ஸில் 2021-இல் வாக்களித்தார்கள்; பிரிட்டன் முழுவதுக்கும் அதை அளிக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது 2025 ஜூலையில். 2009-இல் பதினாறு வயதாய் இருந்து அதற்காக வாதாடியவர் அப்போது முப்பத்திரண்டு வயதினர். அந்த உரிமை அவருக்கு ஒருநாளும் பயன்படப் போவதில்லை. பலனில் பற்று வைக்காமல் கர்மத்தைச் செய்க என்று கீதை சொல்வதை வயது முதிர்ந்த துறவிக்குரிய உபதேசமாகவே நாம் நினைத்து வந்திருக்கிறோம். தனக்குக் கிடைக்கவே முடியாத ஒன்றைத் தனக்குப் பின்வரும் தம்பி தங்கையருக்காகக் கேட்கும் இந்தச் சிறுவரிடம் அது இயல்பாகவே அமைந்திருக்கிறது என்பதை எண்ணும்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

ஆயினும் அவர்களுடைய பற்றின்மை நம்முடைய தாமதத்துக்குச் சமாதானமாகாது. இளையோர் சபை ஒன்று தீர்மானம் நிறைவேற்றினால், ஊர்க் கவுன்சிலோ அரசாங்கமோ அதை ஏற்பதாயின் எப்போது, மறுப்பதாயின் எந்தக் காரணத்தால் என்று எழுத்து மூலம், அந்தப் பிரதிநிதியின் பதவிக்காலத்துக்குள்ளேயே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டம் செய்வது அவசியம் என நான் கருதுகிறேன். மறுப்பும் ஒரு மரியாதையே, மௌனம் மரியாதையாகாது. நாற்பது வயதினர்க்கு மூன்றாண்டு தாமதம் ஓர் அசௌகரியம் மட்டுமே. பதினைந்து வயதில் பஸ் கட்டணத்தைக் குறைக்கக் கோரிய பெண்ணுக்கு அவளுடைய பதினெட்டாம் வயதில் பதில் வந்தால், கேட்டவளாகிய பள்ளி மாணவி அதைப் பெற்றுக்கொள்ள அங்கே இல்லை. அவளுடைய இடத்தில் இப்போது நிற்கும் சிறுமியோ அதே கோரிக்கையை முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருப்பாள்.