திருத்தும் கையும் சாட்சியமும்

ஒருவரின் வாழ்வை எழுதிவைப்பது முன்னாளில் புலமைமிக்க சிலரின் பணியாக இருந்தது. இன்று அது எவர் கைக்கும் எட்டுவதாகிவிட்டது. 2001ஆம் ஆண்டில் தோன்றிய விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் பெரும்பாலான பக்கங்களில், விரும்பிய எவரும் ஒரு வரியைச் சேர்க்கலாம். ஒரு வரியை நீக்கலாம். உரிமை பெரிது. அதனோடு பிறக்கும் வினாவும் பெரிது. நாம் போற்றும் ஒருவரின் வரலாற்றில் நமக்குக் கசக்கும் செய்தி இருப்பின், அதனை என் செய்வது?

செனகல் நாட்டு எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான செம்பேன் உஸ்மானை எடுத்துக்கொள்வோம். 1923இல் முஸ்லிம் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கிப் பிழைத்தார். 1956இல் முதல் நாவலை வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில் தாம் எழுதியவை எழுத்தறியாத தம் மக்களைச் சென்றடையவில்லை என்று உணர்ந்து, நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோ சென்று திரைக்கலை பயின்றார். பாரிஸிலிருந்து வந்த மணியார்டரைப் பணமாக்க இயலாது அலையும் எளிய மனிதரின் கதையான ‘மண்டாபி’யை 1968இல் வோலோஃப் மொழியில் படைத்தார்.

இத்தகையவரின் வரலாற்றைத் திருத்தப் புகுவோர்க்குச் சிறு செய்தியும் சோதனையே. அவர் பிறந்த நாள் ஜனவரி 1 என்றும் 8 என்றும் இருவகையாகக் காணப்படுகிறது. ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்துவது எளிது. இரண்டையும் குறிப்பதே நேர்மை. 1988இல் வந்த ‘தியாரோய் முகாம்’ படத்தை அவர் ஒருவரே இயக்கியதாக எழுதினால் அவர் புகழ் சற்று உயரலாம். ஆனால் உடன் இயக்கிய தியெர்னோ ஃபாத்தி சோவின் உரிமை பறிபோகும்.

பெருஞ்சோதனை 1977ஆம் ஆண்டின் ‘செட்டோ’ படம். ஓர் இமாம் ஆட்சியைக் கைப்பற்றி ஊராரை வலிந்து மதம் மாற்றுவதாகவும், இறுதியில் இளவரசி அவரைச் சுட்டு வீழ்த்துவதாகவும் அதில் வருகிறது. கிறித்தவப் பாதிரியாரையும் வெள்ளை அடிமை வணிகரையும்கூட அப்படம் விட்டுவைக்கவில்லை. செனகலில் அது தடைசெய்யப்பட்டது. தலைப்பில் ‘டி’ என்னும் எழுத்து ஒன்றே வரவேண்டும், இரண்டு கூடாது என்பதே அரசு சொன்ன காரணம். கவிஞரான செங்கோர் குடியரசுத் தலைவராய் இருந்த காலம் அது! படத்தின் சமயப் பொருளே மெய்க்காரணம் என்று கருதினோர் பலர்.

இங்கே நம் கை நடுங்கக்கூடும். அப்படத்தின் செய்தியையே நீக்கிவிடுவோமா என்று அன்பு தூண்டும். இவர் சமயப் பகைவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோமா என்று சினம் தூண்டும். இரண்டும் அநீதியே. அவர் காட்டியது இது, அரசு கூறியது இது, திறனாய்வாளர் கருதியது இது என்று அவரவர் கூற்றை அவரவர் பெயரால் சான்றுடன் வைப்பதே முறை. அப்படத்தோடு நமக்குள்ள வழக்கை நாம் கையொப்பமிட்ட கட்டுரையில் தாராளமாக எழுதலாம்; அதற்குத் தடையேதுமில்லை. ஆனால் பெயரற்ற பொதுக் குரலில் நம் விருப்பத்தைப் புகுத்தி, அதனை உலகின் தீர்ப்பென நடமாட விடுவது வஞ்சகம்.

அக்களஞ்சியத்தில் நீக்கப்பட்ட வரியும் பெரும்பாலும் பழைய படிவத்தில் இருந்துகொண்டேயிருக்கும். நீக்கியவரின் அடையாளமும் உடன் இருக்கும். ஆயினும் அந்த அச்சத்தால் மட்டும் நேர்மை காப்பது சிறப்பாகாது. 2007இல் மறைந்துவிட்ட அம்மனிதர் எழுந்து வந்து மறுப்புரைக்கப் போவதில்லை. பேச இயலாதவரின் வாழ்வு நம் கையிலுள்ள அமானிதம். அதில் ஒன்றைக் கூட்டவும் குறைக்கவும் நமக்கு எளிதாக இருக்கிறது என்பதனாலேயே, அது நமக்கு உரியதாகிவிடாது.