ஏரியும் பாடத்திட்டமும்

1959-ல் கேம்பிரிட்ஜில் சி.பி. ஸ்நோ ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இலக்கியக்காரர்களும் விஞ்ஞானிகளும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டாத இரு கலாச்சாரங்களாகப் பிரிந்துவிட்டார்கள் என்பது அவர் முறையீடு. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைச் சொல்ல முடியுமா என்று படித்தவர்களைக் கேட்டதாகவும், அவர்களால் முடியவில்லை என்றும் சொன்னார். 1962-ல் எஃப்.ஆர். லீவிஸ் அவரைக் கடுமையாகத் தாக்கினார். அந்தச் சண்டையின் சூடு ஆறிவிட்டது. ஸ்நோவின் கேள்விக்குள் இருந்த ஓர் அனுமானம் மட்டும் கல்லூரிகளில் தங்கிவிட்டது: இரண்டையும் தெரிந்துகொண்டால் பிளவு தீர்ந்துவிடும்.

தீர்வதில்லை என்பதற்கு நம் இளங்கலைப் படிப்பே சாட்சி. பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். பௌதிக மாணவன் கணிதமும் படிக்கிறான், செய்யுளும் படிக்கிறான். காகிதத்தில் பார்த்தால் ஸ்நோ தேடிய மனிதன். வகுப்பில், மணி அடித்ததும் ஓர் ஆசிரியர் வெளியேறுகிறார். அடுத்தவர் வந்து கரும்பலகையை அழித்துவிட்டுத் தொடங்குகிறார். அழிக்குமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று வாசித்த ஆசிரியரை நான் கண்டதில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியை வலியுறுத்துகிறது. பாடங்களைக் கூட்டுவது சுலபம். கரும்பலகையை வாசிப்பது யார்?

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் ஆள் தேரும் விதிகளைச் சொல்கின்றன. சரித்திர மாணவனுக்கு அது கிராம சுயாட்சி என்ற தலைப்பு. தமிழ் மாணவனுக்குக் கல்வெட்டு மொழி. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும் என்று பௌதிக மாணவன் படிக்கிறான். மதகு கட்டியவன் முகம்கொடுத்ததும் அதே அழுத்தத்துக்குத்தான் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. மூவரும் ஒரே கரையில் நிற்பது மூவருக்குமே தெரியாது.

வாரியத்தில் இடம்பெற, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்கவேண்டும். அப்படியானால் ஏரிக்கு மண் சுமந்தவன் எங்கே? நீர் கடைசியாகப் போய்ச்சேரும் வயலில் நின்றவன் எங்கே? இந்தக் கேள்வி எந்தத் துறைக்குச் சொந்தம்? நீரின் கணக்கும், கல்லின் மொழியும், நிலத்தின் உரிமையும் சேர்ந்தாலன்றிப் பதில் கிடைக்காது. துறைகள் தனித்தனியே நின்றால் கேள்வியே எழாது. அது எழாமலிருப்பது யாருக்கு வசதி என்பதையும் யோசிக்கவேண்டும்.

வேறு வழி இருந்ததில்லை என்று சொல்லமுடியாது. 1919-ல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரி 'சமகால நாகரிகம்' என்ற பொதுப்பாடத்தைத் தொடங்கியது. முதல் உலகப் போர் எதற்காக என்று மாணவர்களுக்கு விளக்க முயன்ற வகுப்பில் அதன் வேர் இருந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி, துறைகள் பிறகுதான். சரித்திரம், தத்துவம், பொருளாதாரம் கற்பித்தவர்கள் தங்கள் எல்லையைத் தாண்டி அதை நடத்தவேண்டியிருந்தது. அதன் மேற்கத்திய மையப் பார்வை பின்னால் நியாயமாகவே விமர்சிக்கப்பட்டது. ஆனாலும் ஆசிரியர் தமக்கு முழுதும் தெரியாத ஒன்றின் முன், மாணவன் பார்க்க, நிற்கவேண்டி வந்தது.

நாம் அதைத்தான் தவிர்க்கிறோம். வாழ்நாள் முழுதும் நாம் செய்யாத இணைப்பைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லித் தப்பமுடியாது. நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம். பாடத்திட்டக் குழுவில் சச்சரவெல்லாம் எந்தத் துறைக்கு எத்தனை மணிநேரம் என்பதில்தான். மணிநேரம் குறைந்தால் ஒருவர் வேலை போகலாம். அந்தப் பயம் நிஜமானது, அதை நான் கேலி செய்யவில்லை. பிழைப்பின் பயத்துக்கு அறிவின் தேவை என்று பெயர் சூட்டும்போதுதான் பொய் ஆரம்பமாகிறது.

உத்திரமேரூர் விதிகளில் இன்னொன்றும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனது உறவினரும் மறுபடி தேர்வுபெற முடியாது. நிலமற்றவனை வெளியே நிறுத்திய அதே சபை, உள்ளே இருந்தவனிடம் இந்த அளவாவது கேட்டது. மூன்று வருஷங்களை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் மாணவனுக்கு நாம் காட்டிய கணக்கு என்ன?