மதிலைக் கடக்கும் குரல்

கண்ணனின் வரலாறு சிறைச்சாலையில் தொடங்குகிறது. கம்சனின் காவலில் இருந்த தேவகிக்கும் வசுதேவருக்கும் குழந்தை பிறந்தது. பிறந்த இரவே அதைப் பிரிய நேர்ந்தது. கோகுல லீலைகளில் திளைக்கும் நாம், மகனின் முகம் காணாது காத்திருந்த அந்தப் பெற்றோரை எத்தனை முறை எண்ணியிருப்போம்?

2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டுச் சிறைகளிலும் அத்தகைய காத்திருப்பு தொடங்கியது. கொரோனா தொற்றைத் தடுப்பதற்காக உறவினர் நேர்காணல் நிறுத்தப்பட்டது. நெரிசல் மிகுந்த சிறைக்குள் நோய் நுழைந்தால் விலகியிருக்க இடம் ஏது? ஆகவே தடை தேவையாகவே இருந்தது. ஆனால் மார்ச் 21 அன்று கொல்கத்தாவின் டம்டம் மத்தியச் சிறையில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. நேர்காணல் நின்றதும், நீதிமன்றப் பணிகள் தடைப்பட்டதும் அதன் காரணங்களாகக் கூறப்பட்டன. வன்முறையை யாரும் நியாயப்படுத்த இயலாது. எனினும் அதன் அடியில் கிடந்த ஏக்கத்தை மறுக்கவும் இயலாது.

இரண்டு நாட்களுக்குப் பின், பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடுவிக்கத் தக்கவர்களை முடிவுசெய்ய மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்குமாறு உச்சநீதிமன்றம் பணித்தது. அவ்வாறு பலர் வெளிவந்த பின்னரும், அவ்வாண்டின் இறுதியில் சுமார் 4.88 லட்சம் பேர் சிறைகளில் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். பல மாநிலங்களில் தொலைபேசியும் காணொளி அழைப்பும் அவர்களை வீட்டோடு இணைத்தன.

உறவைத் துறந்த துறவி உறவின் பெருமையைப் பேசலாமா என்று அன்பர்கள் கேட்கலாம். வடமொழியில் 'பந்தம்' என்றால் கட்டு; 'பந்து' என்றால் உறவினர். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். கட்டு என்றதும் அறுத்தெறிய வேண்டியது என்று சாதகன் நினைக்கிறான். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுபவனுக்கு வீசப்படும் கயிறும் ஒரு கட்டுதான். அதை அறுக்கச் சொல்வது ஞானமாகுமா? தன் சுகத்திற்காகப் பிறரைப் பற்றிக்கொள்வது மோகம். பிறர் நலத்திற்காக அவரை விடாதிருப்பது அன்பு.

சில நிமிட அழைப்பில் ஒரு தாய் என்ன கேட்பாள்? "சாப்பிட்டாயாப்பா?" என்பாள். பதிவேட்டில் எண்ணாக இருப்பவன் அந்தக் கணத்தில் மீண்டும் மகனாகிறான். தனக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்ற உணர்வு, திருந்தி வாழ வேண்டும் என்ற உறுதிக்கு வித்தாகிறது.

பெருந்தொற்றுக் காலம் கடந்துவிட்டது. ஆனால் நாம் எழுப்பிய மதில் ஒன்று நிற்கிறது. சிறை சென்றவனின் வீட்டை ஊர் ஒதுக்குகிறது. அவன் குழந்தையோடு விளையாட வேண்டாமென்று நம் குழந்தைக்குச் சொல்கிறோம். தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் கடமை. நமக்கு வேறு கடமை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு ஒரு கடிதம் எழுதித் தருவோம். காணொளி வசதி இல்லாத வீட்டிற்கு நம் கைபேசியைச் சிறிது நேரம் கொடுப்போம். எல்லா உயிரிலும் இறைவன் உறைகிறான் என்பது உண்மையானால், சிறைக்கதவின் இருபுறமும் காத்திருப்பவன் அவனே.