சொல் முறியாத வில்



நம் பாட்டிமார் காலத்தில் தட்சிணை என்றால் வெற்றிலை பாக்கு, தேங்காய், மேலே ஒன்றேகால் ரூபாய். இந்த வழக்கம் மராட்டிய மண்ணிலும் உண்டு. புனே நகரத்தில் வாடா என்று சொல்லும் பழைய வீடுகள் இருக்கும். நடுவில் முற்றம், சுற்றிலும் பல குடித்தனங்கள். 1940-களின் நடுவில் அந்த முற்றங்களில் ஒரு பையன் உட்கார்ந்து வயலின் வாசிப்பான். வயது பன்னிரண்டு. சன்மானம் ஒன்றேகால் ரூபாய், ஒரு தேங்காய். அந்தப் பையன் பெயர் பிரபாகர் ஜோக்.

1932-இல் பிறந்தவர். வயலின் கற்றது கஜானன்ராவ் ஜோஷியிடம். ஜோஷி வயலினில் எவ்வளவு பெரியவரோ, இந்துஸ்தானி இசையின் கயால் பாடுவதிலும் அவ்வளவு பெரியவர். அது போதாதென்று, நாராயண்ராவ் மாருல்கரிடம் வாய்ப்பாட்டும் கற்றுக்கொண்டார் பிரபாகர். வயலின் வாசிக்கப் போகிறவனுக்கு வாய்ப்பாட்டு எதற்கு?

வயலினைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வீணையில் மெட்டுகள் இருக்கின்றன. மெட்டைப் பார்த்து விரலை வைக்கலாம். வயலினிலோ விரல் ஓடும் பலகை வழுவழுவென்று கிடக்கும். காந்தாரம் இங்கே, பஞ்சமம் அங்கே என்று எந்த அடையாளமும் கிடையாது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, காதுதான் சொல்ல வேண்டும். விரல் ஒரு நூல் தள்ளி விழுந்தால் அபஸ்வரம்.

வில்லின் சங்கதி இன்னும் நுட்பமானது. பாடுகிறவருக்கு மூச்சு எப்படியோ, வயலினுக்கு வில் அப்படி. ஒரு பாட்டை வாசிக்கும்போது, சொல் முடிவதற்குள் வில்லைத் திருப்பிவிட்டால் அந்தச் சொல் அங்கேயே முறிந்துபோகும். எந்த இடத்தில் சொல் முடிகிறது, எங்கே மூச்சு என்பது பாடத் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும்.

1955-ஆம் ஆண்டு ராமநவமியன்று புனே வானொலி நிலையம் 'கீத ராமாயணம்' என்ற தொடரைத் தொடங்கியது. கவிஞர் மாட்கூள்கர் எழுத, சுதீர் ஃபட்கே மெட்டமைக்க, வாரம் ஒரு பாட்டாக ஓராண்டுக்கு மேல் ஓடி, 56 பாடல்களில் ராமன் கதை முடிந்தது. மராட்டிய வீடுகளில் இன்றும் அந்தப் பாடல்களை முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்த வாத்தியக் குழுவில் வயலின் வாசித்த இளைஞர் பிரபாகர் ஜோக். பிறகு ஃபட்கே அதையே மேடை மேடையாகப் பாடியபோதும் இந்த வயலின் கூடவே போனது. நூற்றுக்கணக்கான மேடைகள். கைதட்டல் கவிதைக்கும் குரலுக்கும் போகும். பக்கத்தில் இருப்பவர் அடுத்த பாட்டுக்குச் சுருதி சரிபார்த்துக்கொள்வார்.

இத்தனை வருஷம் பிறர் பாட்டுக்கு வாசித்த மனிதர், தன் வயலினைத் தனியாகவும் பேசவிட்டார். அப்படி வந்த இசைத்தட்டுகளுக்குப் பெயர் 'கானாரே வயலின்', பாடும் வயலின் என்று பொருள். பாட்டு உண்டு, பாடகர் கிடையாது. ஆனால் அந்தப் பாட்டை முன்பே கேட்டவர் காதில் வரிகள் தாமாக வந்து விழும். 2021-இல் புனேயில் காலமாகும் வரை மராட்டிய ரசிகர்களுக்கு அவர் பாடும் வயலின்காரர்தான்.

நம் ஊர்ப் பெண் ஒருவரும் இதே பாதையில் நடந்தவர். அவர் என். ராஜம், வயலின் மேதை டி.என். கிருஷ்ணனின் தங்கை. அப்பா நாராயண ஐயரிடம் கர்நாடக வயலின் கற்றார். முசிரி சுப்பிரமணிய ஐயரிடமும், பிறகு வடக்கே ஓம்கார்நாத் தாக்கூரிடமும் கற்றார். இருவரும் வயலின்காரர்கள் அல்ல, பாடகர்கள். பல்லாண்டுகள் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த ராஜத்தின் வாசிப்பை 'காயகி அங்கம்', அதாவது பாடும் பாணி என்று ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள்.

பக்கவாத்தியமாக இருந்தால் நம் குரல் அமுங்கிப்போகும் என்று பயப்படுகிறோம். ஜோக் விஷயத்தில் நடந்தது வேறு. அடுத்தவர் மூச்சைக் கவனித்துக் கவனித்தே அவர் கைக்குப் பாட்டு வந்தது. தனக்கென்று ஒரு குரல் வேண்டும் என்று முதல் நாளே முன்னால் போய் உட்கார்ந்திருந்தால், வயலின் வாசித்திருப்பார். அது பாடியிருக்குமா, தெரியாது.

நம் வீட்டுக்கு வருவோம். அம்மா ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறார். "இதைத்தான் நேத்தே சொன்னியே" என்று பாதியில் வெட்டுகிறோம். பிள்ளை பள்ளிக்கூடத்துக் கதையை எடுக்கிறான். "சரி, ஹோம்வொர்க் முடிச்சியா?" என்கிறோம். இரண்டு இடத்திலும் சொல் முடிவதற்குள் நம் வில்லைத் திருப்பிவிட்டோம்.

இன்று ஒரே ஒருவர் பேச்சையாவது, அவர் மூச்சு வாங்கும் இடம்வரை கேட்டுப் பார்ப்போம். நம் முறை எப்படியும் வரும்.