குகையில் கைகொடுத்தவை



ஹஜ்ஜுக்குப் புறப்படுகின்றவர் உற்றார் உறவினர் வீடெல்லாம் ஏறி இறங்குகின்றார். கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கின்றார். ‘ஏதாவது குற்றம் குறை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக் கைகொடுத்துவிட்டுப் போகின்றார். வெளிநாட்டு வேலைக்குச் செல்கின்றவரும் ஓரளவு அப்படித்தான். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்திற்கு நாம் இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் வண்டியில் ஏறிவிட்டனவா என்று பார்ப்பதோடு நமது ஏற்பாடு முடிந்துவிடுகின்றது. மாலைக்குள் வந்துவிடுவோம் என்ற உத்தரவாதத்தை நமக்கு யார் தந்தது?

தாய்லாந்தின் வடகோடியில், சியாங் ராய் மாகாணத்தில், தாம் லுவாங் என்றொரு நீண்ட குகை இருக்கின்றது. 2018-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், கால்பந்துப் பயிற்சி முடிந்ததும், 11 முதல் 16 வயது வரையிலான 12 பையன்களும் அவர்களுடைய 25 வயதுத் துணைப் பயிற்சியாளரும் சைக்கிளில் அங்கே போனார்கள். சற்று நேரம் உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதுதான் அவர்கள் எண்ணம். ஜூலை முதல் நவம்பர் வரை குகையில் வெள்ளம் வரும் என்று வாயிலில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. அன்றைக்கு ஜூன் மாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் மழை பலகையைப் படித்துவிட்டா வருகின்றது? அவர்கள் உள்ளே இருக்கும்போதே வெளியே கொட்டிற்று. வந்த வழியை வெள்ளம் அடைத்தது. பின்வாங்கிப் பின்வாங்கி, வாயிலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மேட்டில் ஒதுங்கினார்கள். உணவில்லை, பாறையில் கசிந்த நீரே பானம். ஜூலை 2-ஆம் நாள் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு முக்குளிப்பாளர்கள் நீருக்குள்ளிருந்து தலையை உயர்த்தி விளக்கை அடித்தபோதுதான், பதின்மூவரும் உயிரோடு இருப்பது உலகுக்குத் தெரிந்தது.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை குகை வாயிலில் நின்ற சைக்கிள்கள்தாம். இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ‘சும்மா வெளியே போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகும் பிள்ளை, எந்த ஊர், எந்த அருவி, யாரோடு என்பதை உம்மாவிடமாவது சொல்லிவிட்டுப் போகட்டும்.

மூன்று பேர் பயணம் புறப்பட்டாலும் தங்களில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கின்றார்கள். அமீர் என்றால் வண்டியில் முன் இருக்கையில் உட்காருகின்றவர் என்று பொருளல்ல. பிறர் பெற்ற பிள்ளைகள் அன்று அந்திவரை அவர் கையில் அமானிதம். மழை எப்படி, ஆழம் எப்படி என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டியவர் அவரே. ‘வேண்டாம், திரும்புவோம்’ என்று சொல்லிப் பிள்ளைகளின் முகச்சுளிப்பைத் தாங்க வேண்டியவரும் அவரே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தாம் லுவாங்கின் அந்த இளைஞர் குகைக்குள்ளிருந்தே பெற்றோர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். பெற்றோர்களோ, நாங்கள் உம்மைக் குறை சொல்லவில்லை என்று பதில் எழுதினார்கள். பெற்றவர்களே மன்னித்த பிறகு நாம் தீர்ப்புக் கூறுவது அழகல்ல.

முக்குளிப்பாளர்கள் வந்து சேர்ந்ததும் பையன்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று: இன்றைக்கு என்ன நாள்? ஜும்ஆ தோறும் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகின்ற நம் செவிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. குகைத் தோழர்கள் விழித்தெழுந்தபோது அவர்களும், எவ்வளவு காலம் தங்கினோம் என்றுதான் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு நாளோ, அதில் ஒரு பகுதியோ என்று அவர்களுக்குத் தோன்றிற்று. வெளிச்சம் போனால் மனிதனுக்கு நாளும் பொழுதும் போய்விடுகின்றன. இதில் நமக்கொரு மஸ்அலாவும் உண்டு. இருளில் அடைபட்டு நேரமும் கிப்லாவும் தெரியாமல் போனவருக்குத் தொழுகை தள்ளுபடியாவதில்லை. தம் அறிவுக்கு எட்டிய அடையாளங்களைக் கொண்டு கணித்துத் தொழவேண்டும். பிறகு அதைத் திருப்பித் தொழவேண்டுமா என்பதைத் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, மழைக்கு ஒதுங்கிக் குகையில் அகப்பட்ட இன்னும் மூவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான வரலாறு இது. முன் காலத்து உம்மத்தைச் சேர்ந்த மூவர் நடந்து செல்கின்றார்கள். மழை பிடித்துக்கொள்கின்றது. மலைக்குகை ஒன்றில் நுழைகின்றார்கள். மேலிருந்து ஒரு பாறை உருண்டு வந்து வாயிலை அடைத்துவிடுகின்றது. கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. அப்போது அவர்கள், நாம் அல்லாஹ்வுக்காகவே செய்த அமல் ஏதேனும் இருந்தால் அதைச் சொல்லி அவனிடம் கேட்போம் என்று முடிவு செய்கின்றார்கள். (வஸீலாவைப் பற்றி நம் ஊர்களில் நடந்த சர்ச்சைகள் கொஞ்சமல்ல. தம்முடைய நல்லமலைக் கொண்டு வஸீலா தேடுவதில் மட்டும் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.)

ஒருவர் தம் முதிய பெற்றோர்களைச் சொன்னார். ஆடுகளைக் கறந்ததும் முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டே பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். ஒரு நாள் தூரத்தில் மேய்ச்சலுக்குப் போய்ப் பொழுது சென்று திரும்பினார். பெற்றோர்கள் உறங்கிவிட்டார்கள். எழுப்பவும் மனமில்லை, அவர்களுக்கு முன் பிள்ளைகளுக்கு ஊற்றவும் மனமில்லை. பிள்ளைகள் காலடியில் பசியால் அழ, பால் பாத்திரத்தோடு விடியும்வரை நின்றார். அதைச் சொன்னதும் பாறை சற்று விலகி வானம் தெரிந்தது. இன்னொருவர் தம் சிறிய தந்தையின் மகளைச் சொன்னார். அவள்மீது ஆசை கொண்டிருந்தார். வறுமை அவளை அவரிடம் கொண்டுவந்தது. நூற்றிருபது தீனார் கொடுத்தார். நெருங்கியபோது, அல்லாஹ்வுக்கு அஞ்சிக்கொள் என்றாள் அவள். எழுந்து போய்விட்டார், பணத்தையும் அவளிடமே விட்டுவிட்டார்.

மூன்றாமவர் சொன்னது ஒரு கூலிக்காரரின் கணக்கு. ஒரு ஃபரக் அரிசி கூலி. ஃபரக் என்பது மூன்று ஸாஉ. ஷாஃபிஈ வீடுகளில் மூன்று தலைக்கு ஃபித்ரா அளக்கின்ற அரிசி, அவ்வளவுதான். அந்தக் கூலிக்காரர் ஏதோ மனத்தாங்கலில் அதை வாங்காமல் போய்விட்டார். இவர் அதை விதைத்தார். விளைந்ததை மேலும் பெருக்கினார். மாடுகளும் மேய்ப்பவனுமாக அது ஆயிற்று. பல காலம் சென்று கூலிக்காரர் வந்து தம் கூலியைக் கேட்டபோது, அதோ அந்த மாடுகளையும் மேய்ப்பவனையும் ஓட்டிச் செல் என்றார். கேலி செய்யாதீர் என்றார் வந்தவர். கேலியல்ல, எல்லாம் உனதே என்றார் இவர். ஒன்று விடாமல் ஓட்டிக்கொண்டு போனார் அவர். பாறை முழுவதும் விலகிற்று. மூவரும் நடந்து வெளியே வந்தார்கள்.

சகோதரர்களே, அந்த இருட்டில் மூவரில் ஒருவராவது, நான் இத்தனை ரக்அத் தொழுதேன், இத்தனை நோன்பு வைத்தேன் என்று சொன்னாரா? தொழுகையும் நோன்பும் சிறியவை என்று நாம் சொல்லவில்லை. அவை இல்லாதவருக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆனால் மூவர் நினைவுக்கும் வந்தவை ஒரு தகப்பன், ஒரு தாய், ஒரு பெண், ஒரு கூலிக்காரர். பார்க்க யாருமில்லாத இடத்தில் மற்றொரு அடியானின் ஹக்கை இவர்கள் காத்ததே பாறையை நகர்த்திற்று. நம் வீட்டுத் திண்ணையில் இன்று உட்கார்ந்து இதைக் கணக்குப் பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கின்ற அம்மாளின் சம்பளத்தில் விடுமுறை நாளுக்குப் பிடித்த தொகை. சுற்றிக் கொண்டுவந்த பீடியைச் சரியில்லை என்று கழித்துவிட்டு, கழித்ததையும் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது. சுற்றுலா வேன் ஓட்டுநரை நள்ளிரவு வரை நிறுத்திவிட்டு ஊர் வந்ததும் பேசிய தொகையில் பேரம்! நாமும் ஒரு நாள் அடைபட்டால் அங்கே எதைச் சொல்வோம்?

தாம் லுவாங்கில் 12 பையன்களையும் பயிற்சியாளரையும் ஜூலை 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களில் வெளியே கொண்டுவந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, முகமூடி மாட்டி, வெள்ளத்துக்குள்ளேயே எடுத்து வந்தார்கள். காற்று உருளைகளை உள்ளே வைக்கப் போன முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் ஜூலை 6-ஆம் நாள் திரும்பும் வழியில் காற்றுத் தீர்ந்து உயிர் நீத்தார். அவர் தாமாக முன்வந்து உதவிக்குச் சென்றவர். குகையிலிருந்து இரவு பகலாக இறைத்த தண்ணீர் கீழேயுள்ள நெல் வயல்களில் பாய்ந்து பயிர்களை மூழ்கடித்தது. அந்த விவசாயிகளுக்கு அரசு இழப்பீடு தர முன்வந்தது. பிள்ளைகள் பிழைத்தால் போதும் என்று அதை வாங்க மறுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கலிமா சொன்ன நாம் இதைப் படித்துவிட்டுச் சற்றுத் தலை குனியத்தான் வேண்டும்.

அரிசிக் கூலியைப் பற்றி ஒரு விளக்கம் பாக்கியிருக்கின்றது. அந்த முதலாளி கொடுக்கக் கடமைப்பட்டது ஒரு ஃபரக் அரிசி மட்டுமே, மாடுகளும் மற்றவையும் அவர் மனமுவந்து செய்த உபகாரம் என்று விளக்கிய அறிஞர்கள் உண்டு. ஆகவே பழைய கூலி பாக்கியைக் கொடுக்க வேண்டியவர், இலாபமெல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டுமோ என்று பயந்து மூலத்தையே தள்ளிப்போட வேண்டாம். கூலி வாங்காமல் போனவர் மௌத்தாகியிருந்தால் அவருடைய வாரிசுகளைத் தேடிக் கொடுக்கவேண்டும். தேடியும் எவரும் அகப்படவில்லையானால் அவர் பெயரால் ஸதகா செய்துவிடலாம். பிறகு அவர் வந்து கேட்டாரானால், ஸதகா செய்துவிட்டோம் என்று தெரிவித்து, அவர் அதற்கு இணங்காவிட்டால் மறுபடியும் எண்ணிக் கொடுக்கவேண்டும்.