குடிவைத்த மரம்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், நிபோங் தெபால் பக்கம் இருக்கிறது பைராம் தோட்டம். கரும்பு, பால்மரம், செம்பனை என்று மூன்று பயிர்களைக் கண்ட வட்டாரம் அது. மூன்றிலும் தமிழர் வியர்வை உண்டு. அந்த உழைப்புக்கும் தோட்டத்துக்கும் இருந்த உறவை யோசிக்க ஒரு மரம் உதவுகிறது.

மலேசியக் காட்டோரங்களில் தானாக முளைக்கும் மரம் மகாங். அதில் சில இனங்கள் எறும்பைக் குடிவைத்திருக்கின்றன. மரம் இளங்கன்றாக இருக்கும்போதே ராணி எறும்பு தண்டைத் துளைத்து உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். இலைக்காம்படியில் மடங்கியிருக்கும் செதிலைப் புரட்டினால் ரவை போல வெள்ளை மணிகள் தெரியும். எறும்புக்கென்றே மரம் ஆக்கிவைக்கும் சாப்பாடு அது. பதிலுக்கு எறும்புகள் பூச்சி முட்டைகளை அப்புறப்படுத்தும். மரத்தைப் பற்ற வரும் கொடியின் நுனியைக் கடித்துத் துண்டிக்கும்.

ஆப்பிரிக்க முள்வேல மரத்திலும் இதே ஏற்பாடுதான்: வீங்கிய முள்ளுக்குள் வீடு, இலைக்காம்பில் தேன். கென்யாவில் 1995இல் சில மரங்களுக்கு வேலி போட்டு, யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அண்டாமல் செய்தார்கள். பத்தாண்டுகளில் மரங்கள் தேனையும் முள்வீடுகளையும் குறைத்துக்கொண்டன. காவல் எறும்புகள் மெலிந்தன. அந்த இடத்தில் வேறோர் எறும்பு இனம் பெருகியது. மரத்தைக் குடையும் வண்டுகளின் பொந்துதான் அதற்கு வீடு. மேய வரும் விலங்கே இல்லாத இடத்தில் மரங்கள் மெதுவாக வளர்ந்தன, கூடுதலாகச் செத்தன. ஆய்வாளர் டாட் பால்மர் குழுவினர் இதை 2008இல் வெளியிட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் நினைவுக்கு வந்தன. தோட்டமும் வீடு கொடுத்தது, அரிசி கொடுத்தது, உழைப்பை வாங்கிக்கொண்டது. ஆனாலும் மரமும் தோட்டமும் ஒன்று என்று சொல்ல மனம் வரவில்லை. எறும்பைக் கைவிட்டால் மரமும் கெடுகிறது. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோதும், நிலம் வீட்டுமனையாக விலைபோனபோதும் நட்டம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே. வேலை போனால் வீடும் போயிற்று. விற்றவருக்கு ஒன்றும் குறையவில்லை. இழப்பிலும் பங்கு இல்லாத உறவைக் கூட்டுவாழ்வு என்று எப்படிச் சொல்வது?

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சேர்த்த காசிலேயே தோட்டங்கள் வாங்கப்பட்டன. பால் வெட்டியவர் நிலத்துக்குப் பங்காளியானார். அந்த வழி எல்லாத் தோட்டங்களுக்கும் எட்டவில்லை. இன்னும் லயன்களில் தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்கு மனையை அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள். தோட்டம் கைமாறும் ஒப்பந்தத்தில் அதுவே முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.